விளக்கெண்ணெய் பிரேக்

ஈஸ்வரன் செய்தித்தாள் வாங்கத்தான் கிளம்பினார். பெட்டிக்கடை கண்ணில் பட்டதுமே காலால் மிதிக்க வேண்டியதை மிதித்தார், கையால் பிடிக்க வேண்டியதைப் பிடித்தார். வண்டி இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தன் போக்கில் பெட்டிக்கடையைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி, சலூன் வாசலில் வேப்பமரத்து வேர் புடைத்திருந்த மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி, அங்கே நின்றது. அந்த மேட்டை இத்தனை வருடமும் சரிசெய்யாமல் விட்டிருந்தவர்களுக்கு ஈஸ்வரன் மனதுக்குள் நன்றி சொன்னார். வெளியே, இங்கே வருவதற்காகவே வீட்டை விட்டுப் புறப்பட்டவரைப் போல நிதானமாக இறங்கி, சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, கைக்குட்டையால் பெட்ரோல் டேங்கை ஒரு துடை துடைத்தார்.

"வாங்க சார். முந்தாநாத்துத்தான வந்தீங்க?" என்றார் சலூன்காரர்.

"மீசைய லேசா ஒதுக்கிவிடணும்."

"ஒதுக்க இன்னும் இருக்கா சார்?"

நியாயமான கேள்விதான். ஒரு மாதத்துக்கு முன்பு வரை ஈஸ்வரனுடைய மீசைக்குக் கோவிந்தாபுரத்தில் ஓரளவு பேர் இருந்தது. இப்போது மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டது மாதிரி இருந்தது. வண்டி சலூனில் நிற்கிற ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போனது. தேங்காய் வாங்கப் போனவர் செருப்புக் கடையில் நின்று, தேவையே இல்லாமல் ஒரு ஜோடி செருப்போடு வீடு திரும்பியிருந்தார். மருந்துக் கடைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடைக்காரர் அவருடைய ஆதார் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிற அளவுக்கு அட்டையை நகல் எடுத்திருந்தார். நினைத்த கடைக்கு அடுத்த கடையில் இறங்குவது அவருக்கு ஒரு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. வண்டிக்கு பிரேக் இல்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கூட்டுறவு பண்டகசாலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது ஈஸ்வரனில் சின்னப் பாதி. பெரிய பாதி, 'மலைக்கோட்டை பாரம்பரிய இருசக்கர வாகனப் பாதுகாப்புப் பேரவை'யின் பொதுச் செயலாளர் என்பது. பேரவையின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்த உறுப்பினர்கள் குறைவு. உறுப்பினர்களே குறைவு. அதில் ஓடுகிற வண்டி வைத்திருந்தவர்கள் அதையும்விடக் குறைவு. ஆனால் லெட்டர்பேடு இருந்தது, வட்ட முத்திரை இருந்தது, வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒரு பேரவைக்கு வேறென்ன வேண்டும்.

அவருடைய வண்டி எண்பதுகளில் வாங்கியது. கறுப்பு உடம்பும் வெள்ளிப் பளபளப்பும் இன்றைக்கும் மங்கவில்லை. தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டில் சந்தனம், ஹேண்டில்பாரை விடக் கனமான மாலை. பராமரிப்பு என்று அவர் சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடங்களில் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத இடங்களைக் கடவுள் பொறுப்பில் விட்டிருந்தார்.

பேரவையின் ஆண்டு விழா ஊர்வலத்தில்தான் வினை தொடங்கியது. முதல் வண்டியாக மேடையை நெருங்கி, சிறப்பு விருந்தினர் பொன்னாடையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில், ஈஸ்வரன் பிரேக் போட்டார். கீ...ச் என்று ஒரு சத்தம். கூட்டத்தில் எவனோ, "ஏலே, சக்கரத்துல பன்னிக்குட்டி மாட்டிருச்சு பாருங்கடா!" என்றான். முன் வரிசை சிரித்தது. சிறப்பு விருந்தினரும் சிரித்தார், அதுதான் ஈஸ்வரனைச் சுட்டது. அந்தச் சூட்டோடு மைக்கைப் பிடித்தவர் மெக்கானிக்குகள் மேல் பாய்ந்தார். "பேகம்பூரிலே சிலர் பாரம்பரியத்தின் கழுத்திலே ஸ்பேனர் வைக்கிறார்கள். இனி என் வண்டியில் மெக்கானிக்கின் கை படாது!" கைதட்டல் கிடைத்தது. பேகம்பூரில் பழைய வண்டி பார்க்கிற மெக்கானிக் ஒரே ஒருவர்தான், இஷாக். எல்லோருக்கும் அது தெரியும்.

மறுநாள் மனைவி ராமுத்தாய் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்படி அலமாரியிலிருந்த விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து, சக்கரத்தின் நடுவில் பிரேக்கை மூடியிருந்த தட்டின் இடுக்கில், முன்னாலும் பின்னாலும், கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுகிற பக்குவத்தில் விட்டார். சத்தம் போய்விட்டது. கூடவே வேறென்ன போனது என்று தெரிவதற்குள் குழுவில் எழுதிவிட்டார்: 'கீச்சொலிக்கு நம் முன்னோர் கண்ட எளிய தீர்வு'. முன்னோரில் யாரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கும்பிடு படங்கள் வந்தன. தலைவர் வேலுசாமி, 'அருமை செயலாளரே, இன்றே செய்கிறேன்' என்று எழுதினார்.

இத்தனையும் ஈஸ்வரனோடு போயிருக்கும். மகள் பவித்ராவுக்கு வேடசந்தூர் நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கிற ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்காவிட்டால்.

மில் பஸ் இவர்கள் பக்கம் வராது. பவித்ரா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்வதாக இருந்தாள். ஆனால் பேரவைக் கூட்டத்தில் ஈஸ்வரன், "என் மகள் என் வண்டியில்தான் வேலைக்குப் போவாள். பாரம்பரியம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்" என்று அறிவித்துவிட்டார். செய்தி குழு வழியாக ராமுத்தாயின் தம்பிக்குப் போய், அங்கிருந்து ராமுத்தாய்க்கு வந்து, கடைசியாகப் பவித்ராவுக்கு வந்து சேர்ந்தது. அவள் சண்டை போடவில்லை. கல்லூரி விடுமுறையில் அதே வண்டியில்தான் ஓட்டப் பழகியவள். அரைக்க வேண்டிய அரிசியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு மாவு மில்லுக்குக் கிளம்பினாள். திரும்பி வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, பிரேக் இல்ல."

"இருக்கு. உனக்குப் பிடிக்கத் தெரியல. பழைய வண்டிக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு, பாப்பா."

"என்ன பக்குவம்?"

"நிக்கணும்னா முன்கூட்டியே நினைக்கணும்."

"கரூர் ரோட்டுல லாரிக்காரன் முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் பிரேக் போடுவானா?"

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்ல வேண்டியிருந்தால் அவர் கண்ணாடியைத் துடைப்பார். பவித்ரா மாவுத் தூக்கைத் திறந்து, ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். குடிநீர்க் குழாயிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து போய், தெருவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோலம் போட்ட கை, கோடு வளையாமல் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வாங்க. குழாய்கிட்ட பிரேக் பிடிங்க. கோட்டத் தொடாம நின்னா, திங்கக்கிழமை உங்க வண்டியிலதான் போறேன். தொட்டா ஸ்கூட்டர். பேரவைல நீங்களே எந்திரிச்சு அதையும் அறிவிக்கணும்."

"அடியே, அரிசி மாவு அது! கோலப்பொடி எடுக்கக் கூடாதா?" என்றாள் ராமுத்தாய் உள்ளேயிருந்து.

ஸ்கூட்டர் என்ற சொல் ஈஸ்வரன் காதில் பிளாஸ்டிக் வாளி என்றுதான் விழுந்தது. பேரவைப் பொதுச் செயலாளர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிற்பதை நினைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு, நினைக்காமலேயே இன்னொன்றும் மனதில் வந்தது. கரூர் சாலையில் முன்னால் போகிற லாரியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு, அதைப் பார்த்துக்கொண்டு இவருடைய பிரேக்கை மிதிக்கிற மகளின் கால். வாளியை விட அது அதிக நேரம் நின்றது.

சனிக்கிழமை காலை சாப்பாடு முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை வாசலுக்கு இறக்கிப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ரிப்பேரா?" என்றார். "ஆய்வு" என்றார் ஈஸ்வரன். கைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டார். அதில் ஒரு இளைஞன் பேசிக்கொண்டே முன்சக்கரத்தைத் தேநீர் ஆற்றுகிற நேரத்தில் கழற்றிவிட்டான். ஈஸ்வரனுக்குச் சக்கரத்தின் நடுவில் போகிற அச்சாணியின் நட்டு அசைவதற்குள் வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மண்ணெண்ணெய் விட்டார். சுத்தியலால் தட்டினார். ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். ஸ்பேனர் நழுவி, நட்டு அப்படியே இருந்து, ஈஸ்வரன் மட்டும் இறங்கினார்.

"விட்டுட்டு வாங்க. சோறு ஆறுது" என்றாள் ராமுத்தாய்.

"இன்னைக்கு இது வராம நான் வரமாட்டேன்."

இதை அவர் மேடைக் குரலில் சொல்லவில்லை. ராமுத்தாய் அதைக் கவனித்தாள். உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்பேனரின் முனையில் அவள் விட்ட ஒரே அடியில் நட்டு கீச்சென்று ஒரு சுற்று வந்தது.

"என்னத்தப் பார்க்குறீங்க? தேங்கா ஓட்டவிட இது பெருசா?"

கேபிளை விடுவித்து, அச்சாணியை உருவி, சக்கரத்தை இறக்கினார். மூடியிருந்த தட்டைப் பிடித்து இழுத்ததும் பொதக்கென்று கையோடு வந்தது. உள்ளே பிரேக் என்று எதுவும் தெரியவில்லை. திருவிழாக் கடையில் அல்வாவைக் கவிழ்த்தது போல, கறுப்பாக, வழவழவென்று ஒரு களிம்பு. அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பி வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போனது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

ராமுத்தாய் வெளியே வந்து குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"அந்த பாட்டில எங்கெங்க தேடினேன் தெரியுமா? வேலைக்காரப் பிள்ளைய வேற சந்தேகப்பட்டுட்டேன்."

பவித்ரா படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் களிம்பைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். நூல் இழையைச் சோதிக்கிற மாதிரி நிதானமாகத் தேய்த்தாள்.

"பிரேக்ல எண்ணெய் ஊத்தினீங்களாப்பா?"

ஈஸ்வரன் கண்ணாடியைத் துடைக்கக் கையை உயர்த்தினார். விரலெல்லாம் கறுப்பாக இருந்தது. கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"ஊத்தினேன்."

பவித்ரா எழுந்து போய்ப் பழைய பனியன் துணியும் சோப்புத் தூளும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானம் முழுக்கக் கழுவினார். அரை வட்டமாக, பிறை மாதிரி இரண்டு பிரேக் ஷூக்கள் வெளியே வந்தன. அவற்றின் முதுகில் ஒட்டியிருந்த லைனிங்தான் சக்கரத்தைப் பிடிக்க வேண்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்தது. வீடியோ இளைஞன் சொன்னான் என்று கேஸ் அடுப்பில் காட்டினார். தெரு முழுக்கப் பிரசவ வீட்டு வாசம் அடித்தது. எதிர்வீட்டு அம்மா, "யாருக்குப் பிள்ள பொறந்திருக்கு?" என்று கேட்டே விட்டாள். லைனிங் ஒரு மாதமாகக் குடித்ததை ஒரு மத்தியானத்தில் கக்குவதாக இல்லை.

பின்சக்கரத்தையும் கழற்றினார். அங்கேயும் அல்வா.

நான்கு ஷூக்களையும் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஈஸ்வரன் தெருமுனைக்கு நடந்தார். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்தான் கேட்டார். "பேகம்பூர்" என்று மெதுவாகச் சொன்னார். ஆட்டோக்காரர் காது கேட்காமல், "எங்க சார்?" என்றார். "பேகம்பூர், பேகம்பூர்!" என்று தெருவுக்கே கேட்க இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

பள்ளிவாசலுக்குப் பின்பக்கச் சந்தில் இஷாக்கின் பட்டறை. இஷாக் அடக்கமான ஆள் என்று ஊரில் யாரும் குற்றம் சாட்டியதில்லை. வாசலில் அவருடைய ஆளுயரப் படம், கறுப்புக் கண்ணாடியோடு, கையில் ஸ்பேனரை வாள் மாதிரி பிடித்தபடி. கீழே 'இருசக்கர வாகனங்களின் இதய மருத்துவர்' என்று எழுதியிருந்தது. ஈஸ்வரன் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வருகிற வழியெல்லாம் ஒரு விளக்கம் தயாரித்திருந்தார். 'பாரம்பரிய எண்ணெய் முறைகளும் நவீன உராய்வு நுட்பங்களும்' என்று தொடங்கும்.

தொடங்க முடியவில்லை. பட்டறைச் சுவரில், மக்கா படத்துக்கு மரியாதையான தூரத்தில், லேமினேட் செய்து ஒரு தாள் தொங்கியது. 'கீச்சொலிக்கு நம் முன்னோர் கண்ட எளிய தீர்வு'. கீழே அவருடைய பெயர், பதவியோடு.

"அடடே, வாங்கண்ணே, வாங்க! ஸ்டூல தொடச்சிப் போடுறேன், உக்காருங்க. டீ சொல்லவா?" இஷாக் இரண்டு கையையும் விரித்தார். "உங்க புண்ணியத்துல இந்த மாசம் வேல குமியுது. பழைய வண்டிக்காரவுக பூராப் பேரும் இங்கனதான். நீங்க ஒருத்தரத்தான் காணமேன்னு நெனச்சேன்."

"நான் மேடையில பேசினது..."

"அட, அது கெடக்கு. கழுத்துல ஸ்பேனர்னு சொன்னீங்கள்ல, அதக் கேட்டுத்தான் இந்தப் படமே எடுத்தோம். பாத்தீங்களா வெளிய?"

திட்டியிருந்தால் ஈஸ்வரன் எதிர்த்துப் பேசியிருப்பார். டீயைக் குடிப்பது தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. குடித்துக்கொண்டே பார்வையைத் திருப்பியவருக்கு மூலையில் ஒரு வண்டி தெரிந்தது. ஹேண்டில் கோணியிருந்தது. சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் வாடின சம்பங்கிப் பூக்கள் சிக்கியிருந்தன.

"தலைவரோடது" என்றார் இஷாக். "பூ மார்க்கெட்ல பூ வாங்கப் போனாராம். குவியலோட வாங்கிட்டாரு."

ஈஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. இஷாக் சிரிக்கவில்லை.

"பேத்திப் பிள்ளைய டேங்க் மேல உக்கார வச்சிருக்காருண்ணே. பூவா இருந்துச்சு, தப்பிச்சுச்சு. பக்கத்துலதான் இரும்புத் தள்ளுவண்டி."

வேலுசாமி இதை அவரிடம் சொல்லவில்லை. நேற்றுகூடக் குழுவில், 'பூ வணிகர்களை நேரில் சந்தித்து உரையாடினேன்' என்றுதான் எழுதியிருந்தார். ஈஸ்வரன் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துச் செய்தித்தாளைப் பிரித்தார்.

இஷாக் ஒரு ஷூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். "இதுல புது லைனிங் ஒட்டிக் காயவச்சுத் தரணும்னா செவ்வாய், புதன் ஆயிரும். ஒட்டி ரெடியா இருக்குற செட்டு இருக்கு. இதக் குடுத்துட்டு அத எடுத்துட்டுப் போகலாம். ஆனா அது வேற எவனோ வார்த்தது. உங்களோடதுல கம்பெனி முத்திரை இருக்கு பாருங்க. ஒரிஜினல்."

இருந்தது. ஈஸ்வரன் இத்தனை வருடமாகப் பார்த்திராத முத்திரை, அலுமினியத்தில் பொடி எழுத்தாக. வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது பேரவையின் முதல் விதி. எழுதியவர் அவர். கட்டைவிரலால் முத்திரையைத் தடவினார். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"ரெடியா இருக்கிறதையே குடுங்க, பாய்."

"நான் வந்து மாட்டித் தாரேன். மெக்கானிக் கை படக் கூடாதுன்னா வரல."

"நானே மாட்டுறேன். எங்க எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

இஷாக் சொன்னார். அவருக்கே உரிய முறையில், பாதி வேலையையும் மீதி தன் புகழையுமாகச் சொன்னார். ஈஸ்வரன் முதல் பாதியை வடிகட்டி எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது இஷாக் சந்து வரை வந்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன். குரூப்புல போட்ட அந்த மெசேஜ அழிச்சுராதீங்கண்ணே. தீபாவளி வரைக்குமாவது இருக்கட்டும். சீசன் நல்லா ஓடுது."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று ஈஸ்வரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இஷாக்குக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரன் சக்கரத்தைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். வெகுநேரம் தட்டினார். பவித்ரா பின்னால் வந்து நின்று படித்தாள். 'பேரன்புமிக்க பேரவைச் சொந்தங்களே! காலச் சுழற்சியில் சில வழிமுறைகள் மறுபரிசீலனைக்கு உள்ளாவது இயற்கையே...'

"இதுல எங்கப்பா இருக்கு, எண்ணெய் ஊத்தாதீங்கன்னு?"

"கீழ வருது."

"கீழ வாரதுக்குள்ள ஒருத்தரு வண்டிய எடுத்துட்டுப் போயிருவாரு."

ஈஸ்வரன் எழுதியதை அழித்தார். ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'பிரேக்கில் எண்ணெய் விடாதீர்கள். விட்டவர்கள் வண்டியை எடுக்காதீர்கள். நான் சொன்னது தவறு. ஈஸ்வரன்.' பதவியைப் போட விரல் போனது. திரும்பி வந்தது. அனுப்பினார். கும்பிடும் வரவில்லை, கைதட்டலும் வரவில்லை. கொஞ்சம் கழித்து வேலுசாமியிடமிருந்து ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது. "இதச் சொல்ல இம்புட்டு நாளாய்யா உமக்கு?" என்று கேட்டது. பின்னணியில் ஒரு குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஈஸ்வரன் அந்தப் பதிவை மறுபடியும் போட்டு, குழந்தையின் குரல் வருகிற இடத்தை மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரிக்கிறவர்கள்கூட முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து உரித்தார்கள். ஈஸ்வரன் யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் உள்வட்டத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடியும் துடைத்தார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும் வரை துடைத்தார். புதிய ஷூக்களைத் தட்டில் உட்கார வைக்கிற இடத்தில் ஸ்பிரிங்குகள் சண்டைக்கு வந்தன. ஒன்று கையிலிருந்து தெறித்துப் பறந்து எதிர்வீட்டு எவர்சில்வர் குடத்தில் 'ணங்' என்று விழுந்தது. "கோலு!" என்று யாரோ கத்தினார்கள். ஈஸ்வரன் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். இஷாக் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து, புத்தகத்தைப் பாதி திறந்த மாதிரி பிடித்து, தட்டில் வைத்து, இரண்டு பக்கமும் அமுக்கணும். அமுக்கினார். நழுவியது. விரல் நசுங்கியது. மறுபடியும் பிடித்தார். கடைசியில் 'க்ளிக்' என்று இரண்டும் உட்கார்ந்தபோது, கைதட்டுவதற்கு மேடை எதுவும் இல்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. ஷூவை விரிக்கிற அச்சில் மட்டும் ஒரு பயறு அளவு கிரீஸ் தொட்டு வைத்தார். விரலைத் துடைத்தார். சந்தேகம் வந்து இன்னொரு தடவை துடைத்தார்.

மாட்டி முடித்து நட்டுகளை முறுக்கினார். பவித்ரா மண்டியிட்டு, ஒவ்வொரு இடமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன்சக்கரத்தில் நின்றாள்.

"அப்பா, இங்க வாங்க. சக்கரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குற போர்க்குல ஒரு முட்டு இருக்குல்ல, அது இந்தத் தட்டோட பள்ளத்துல உக்காரணும்ல? வெளிய நிக்குது."

ஈஸ்வரன் குனிந்து பார்த்தார். ஒரு விரல்கடை தள்ளி நின்றது. இப்படியே ஓட்டி பிரேக் பிடித்திருந்தால் தட்டு சக்கரத்தோடு சுற்றி, கேபிளை அறுத்து, ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். பக்குவம், பாரம்பரியம் என்று ஏதாவது சொல்லலாமா என்று வாய் ஒருமுறை திறந்தது.

"ஆமா. தப்பு" என்றார். நட்டைத் திரும்பக் கழற்றினார்.

ராமுத்தாய் புதிதாகக் கோடு இழுத்தாள். இந்தத் தடவையும் அரிசி மாவுதான். கோலப்பொடி தீர்ந்துவிட்டது என்றாள். ஈஸ்வரன் தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். குழாய்க்கு நேராக மிதித்தார், பிடித்தார். கீ...ச்! அதே பன்னிக்குட்டி, இப்போது நான்கு மடங்கு தெம்போடு. காக்கைகள் வேப்பமரத்தை விட்டுக் கிளம்பின. வண்டி நின்றது. கோட்டைத் தாண்டி நின்றது. டயரில் வெள்ளையாக மாவு.

"போச்சு! ஸ்கூட்டரு!" என்றது ஒரு வாசல்.

"ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல" என்றார் ஈஸ்வரன். பவித்ரா இல்லையென்று சொல்லவில்லை. புது லைனிங், தேய்ந்து பழகினால்தான் பிடிக்கும் என்று இஷாக் சொல்லியிருந்தார். அவர் இறங்கி, அட்ஜஸ்ட் நட்டை ஒரு சுற்று இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அரைச் சுற்றுத் தளர்த்தினார். மறுபடியும் கோடிக்குப் போனார். கீச்சு. தாண்டியது, முன்னைவிடக் குறைவாக. மறுபடியும். ராமுத்தாய் திட்டிக்கொண்டே கோட்டைப் புதுப்பித்தாள். ஊர்வலத்தில் ஒரே ஒரு முறை கேட்டு ஈஸ்வரன் கூனிக்குறுகிப்போன சத்தத்தைத் தெரு அன்று காலை முழுக்கக் கேட்டது. அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வெங்காயம் உரித்தவர்கள் உரித்து முடித்து, சமைக்கப் போய், திரும்பி வந்தும் பார்த்தார்கள். எந்தத் தடவை என்று தெரியாத ஒரு தடவையில், டயருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம் தரை மிஞ்சியது. ஈஸ்வரன் நம்பாமல் திரும்பப் போய், திரும்ப வந்தார். அதே ஒரு முழம்.

"நின்னுருச்சு பாப்பா."

"நீங்க ஓட்டி நின்னுருச்சு. ரோட்டுல நான்ல ஓட்டப்போறேன்."

பவித்ரா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை வாங்கினாள். ஈஸ்வரன் ஓரமாகப் போகவில்லை. கோட்டுக்குப் பின்னால், தெருவின் நடுவில் போய் நின்றார். ராமுத்தாய், "ஏங்க, வெளையாடாதீங்க, இங்கிட்டு வாங்க!" என்றாள். அவர் வேட்டி மடிப்பை மட்டும் அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.

பவித்ரா வந்தாள். கீச்சொலி தெருவைக் கிழித்தது. முன்சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கமே, அதைத் தொடாமல் நின்றது. இன்ஜின் சூடு அவர் முழங்காலில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் டயரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"இப்ப முப்பதுல வந்தேன். கரூர் ரோட்டுல முப்பதுல போனா பின்னால வாரவன் ஏத்திருவான். செத்த நேரம் அங்கனயே நில்லுங்கப்பா. வேகமா வாரேன்."

"வா" என்றார் ஈஸ்வரன்.

வண்டி திரும்பிப் போனது. குழாயைத் தாண்டி, சலூன் மேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டு முனை வரை போய்ச் சின்னதாகத் தெரிந்தது. அரிசி மாவுக்கு எறும்புகள் வந்திருந்தன. கோடு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஆளுக்கொரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு, தெருவின் குறுக்கே வரிசையாக நடந்துகொண்டிருந்தன. சில, வழியில் கிடந்த ஈஸ்வரனின் பாதத்தில் ஏறின. அந்தக் கோடியில் வண்டி உறுமிக் கிளம்பியது. ஒரு எறும்பு கணுக்கால் எலும்பைத் தாண்டி மேலே வந்தது. அவர் காலை உதறவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கீச்சொலி எப்போது வரும் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்.